கொட்டாய் அக்கா நிற்கும் கட்டில்

அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. தன் பெயரை யாராவது காகிதத்தில் எழுதினால் அவளுக்குக் கை நடுங்கும். மற்றபடி அவள் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. நாங்கள்தான் அவளுக்குப் பயந்தோம்.

பலமனேரைத் தாண்டிய மேட்டு நிலத்தில் அப்போது நெஞ்சு நோய்க்காரர்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. கர்னூலில் ஆந்திர சர்க்கார் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. நகரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் வீட்டுக்காரர் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது எனக்கு இருபது வயது. எட்டு மாதப் பெண் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். சேர்ந்த அன்றே நர்ஸம்மா என் மார்பில் துணியை இறுக்கிச் சுற்றிக் கட்டினாள். பால் வற்ற வேண்டுமாம். நோய் போகிறவரை குழந்தையைத் தொடக் கூடாது என்றாள். போகுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

பெண்கள் வார்டு என்பது ஒரு நீளமான வராந்தா. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் முழுக்கத் திறந்த வெளி. காற்றும் ஓய்வும் பாலும்தான் பாதி மருந்து என்பார்கள். பன்னிரண்டு கட்டில்கள். என்னுடையது பதினொன்று. எதிரே சீத்தாப்பழச் செடிகள் அடர்ந்த சின்னப் பாறைக் கரடு. கரட்டுக்கு இந்தப் பக்கம் மாட்டுக் கொட்டாய். காலையும் மாலையும் அங்கிருந்து பால் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து, கட்டில் நம்பர் எழுதிய அலுமினிய டம்ளர்களில் ஊற்றிக்கொண்டு போகிறவள்தான் கொட்டாய் அக்கா. நெட்டையான, எலும்பு தெரியும் உடம்பு. நாற்பது வயது இருக்கும். ஒரு தோள் மற்றொன்றைவிடத் தாழ்ந்திருக்கும். கேன் தூக்கித் தூக்கி அப்படி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டாள். டம்ளரைப் பார்ப்பாள், ஊற்றுவாள், அடுத்த கட்டிலுக்குப் போவாள். பேசினால் மாட்டைப் பற்றித்தான் பேசுவாள். மார்கழிக் குளிரில் நாங்கள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தால், “வெள்ளச்சிக்குக் குளுருது” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவாள். சிறிது நேரத்தில் யாராவது ஒருவர் கம்பளி கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள்தான் போய்ச் சொல்லியிருக்கிறாள் என்பது எங்களுக்கு உடனே தெரியாது.

பத்தாம் கட்டிலில் புங்கனூர் அம்மாள் ஒருவர் இருந்தார். தெலுங்கு டீச்சர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். நான் சேர்ந்த நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ மாலைப் பால் நேரத்தில் என் பக்கம் திரும்பி, “சூடகு, சூடகு” என்று கிசுகிசுத்தார். பார்க்காதே என்கிறார். வராந்தாவில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். சிலர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டாய் அக்கா ஒரு கையில் கேனோடும், மற்றக் கை இடுக்கில் ஓர் ஆட்டுக்குட்டியோடும் வந்துகொண்டிருந்தாள்.

அவள் போன பிறகு டீச்சர் சொன்னார். “அந்தம்மா யாரு மஞ்சத்துல குட்டிய உடுதோ, அவங்க இங்கேருந்து நடந்து போறதில்லம்மா. நான் ஒன்னற வருஷமா பாத்துகினு இருக்கேன்.”

அன்றைக்குக் குட்டியை விட்டது சுவரோரத்தில் ஒன்றாம் நம்பர் கட்டிலில். வடமாலபேட்டையைச் சேர்ந்த பதினாறு வயதுப் பெண். யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். குட்டி வந்த பிறகு திரும்பிப் படுத்தாள். அதோடு ஏதோ முணுமுணுப்பாள். அதன் காதை விரலில் சுற்றிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அது அவள் சடைக் குஞ்சலத்தை இழுத்து மென்றபோது சிரித்தாள் என்றார்கள். எட்டாம் நாள் காலையில் அந்தக் கட்டிலைச் சுற்றித் திரை கட்டியிருந்தது. மத்தியானம் மெத்தையை வெயிலில் போட்டார்கள்.

அடுத்தது ஐந்தாம் நம்பர். நாற்பது வயதுக்காரி, பலமனேர்ச் சந்தையில் கத்தரிக்காய் விற்றவள், வார்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவள். திடீரென்று பேச்சை நிறுத்தினாள். ஒரு மாலை கொட்டாய் அக்கா குஞ்சுகளோடு ஒரு கோழியைக் கூடையில் கொண்டுவந்து அவள் கட்டிலடியில் வைத்துவிட்டு, “காக்கா தூக்கிட்டுப் பூடுது. பாத்துக்க ஆளு இல்ல” என்றாள். அந்த அம்மாளுக்கு ஆபரேஷன் ஆனது. வார்டுக்குத் திரும்பவில்லை. கூடை மட்டும் நான்கு நாள் அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு நானும் மாலை நான்கு மணி ஆனால் போர்வையை இழுத்துக்கொள்வேன். கேன் பிடி கிறீச்சிடும் சத்தம் தூரத்திலேயே கேட்கும். கண்ணை இறுக மூடிக்கொள்வேன். ஒன்று, இரண்டு என்று அவள் கால் நிற்கிற கட்டில்களை எண்ணுவேன். பத்தில் நின்று ஊற்றுவாள். என்னிடம் நின்று ஊற்றுவாள். பன்னிரண்டுக்கு நகர்ந்த பிறகுதான் மூச்சு விடுவேன். நோய்க்குப் பயந்ததைவிட அந்தக் காலடிக்குத்தான் அதிகம் பயந்தேன்.

வெயில் காலம் தொடங்கும்போது என் வீட்டுக்காரர் குழந்தையைக் கொண்டுவந்தார். உள்ளே விட மாட்டார்கள். கள்ளி வேலிக்கு அப்பால் நின்று தூக்கிக் காட்டினார். எழுந்து வராந்தா ஓரத்தில் நின்றேன். இரண்டு கையையும் நீட்டினேன். என்ன புத்தியோ, அவ்வளவு தூரத்திலிருந்து நீட்டினேன். குழந்தை என்னைப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பி அப்பன் கழுத்தில் புதைத்துக்கொண்டது.

அதே வாரம் பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஊசி மட்டும் போதாது, இடப்பக்கம் விலா எலும்பு சிலவற்றை எடுத்தால்தான் நுரையீரல் அமுங்கிப் புண் மூடும் என்றார். மயக்க மருந்து தர மாட்டார்கள், மரத்துப்போக ஊசி போட்டு விழித்திருக்கும்போதே செய்வார்கள். மாதம் ஒருமுறை வருகிற சர்ஜன் அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ செய்வார். ஐந்தாம் நம்பருக்குச் செய்தது அதே ஆபரேஷன்தான்.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் இறங்கவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிடுவேன். பால் டம்ளரில் ஆடை கட்டிக் கிடக்கும். மூன்றாம் நாள் மாலை கேன் சத்தம் கேட்டது. கண்ணை மூடினேன். பத்தில் நின்றது. என்னிடம் நின்றது. ஊற்றும் சத்தம் வரவில்லை.

வயிற்றின்மேல் ஏதோ சூடாக, கனமாக, அசைந்தது.

நான் கத்தியது ஆண்கள் வார்டுவரை கேட்டதாம். இரண்டு கையாலும் அதைத் தள்ளினேன். சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தமும், அந்த ஆட்டுக்குட்டி போட்ட கூச்சலும் இன்றைக்கும் என் காதில் இருக்கின்றன. “எடுத்துகினு போ, எடுத்துகினு போ, நான் சாவ மாட்டேன்” என்று அலறினேன். இருமல் வந்தது. துணியில் ரத்தம் பட்டது.

கொட்டாய் அக்கா குனிந்து குட்டியைத் தூக்கினாள். முன்னங்காலைத் தொட்டுப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மாலை திரும்ப வந்தாள். குட்டியின் காலில் மூங்கில் பட்டை வைத்துக் கந்தல் சுற்றியிருந்தது. கட்டிலில் விடவில்லை. கீழே சாக்கை விரித்து அதன்மேல் படுக்க வைத்தாள்.

“தாய் இல்லாத குட்டி இது. போன வாரம் நாயி கடிச்சி தாய் பூடுச்சி. கால் ஒடஞ்சத கொட்டாயில உட்டா மாடு மிதிச்சிடும்.” குட்டியைப் பார்த்தே சொன்னாள். “நீதான ஒடச்ச. நீயே பாத்துக்கோ.”

ரப்பர் மாட்டிய சீசா ஒன்றை என் கட்டிலில் வைத்தாள். “உன் டம்ளர்ல இருக்கறத ஊத்து. நீதான் குடிக்கறதில்லியே.”

இருட்டும்வரை நான் அதைப் பார்க்கவில்லை. கத்திக்கொண்டே இருந்தது. “ஏம்மா, பாவம்மா அது” என்று டீச்சரே சொன்னார். கடைசியில் எழுந்து சாக்கில் உட்கார்ந்தேன். சீசாவில் ஊற்றும்போது பாதி பால் வெளியே போயிற்று. குட்டி என் விரலையும் சேர்த்துச் சப்பியது. எட்டு மாதமாக நர்ஸம்மாவைத் தவிர யாரும் என்னைத் தொட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது. அழுதால் இருமல் வரும் என்று அடக்கிக்கொண்டேன். பயம் போகவில்லை. இது என்னைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் பால் கொடுத்தேன்.

பெரிய டாக்டர் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். “கொட்டாயை வார்டுக்குக் கொண்டுவராதே என்று எத்தனை தடவை சொல்வது?” அவள் “சரிங்க” என்றாள். குட்டியைத் தூக்கி வராந்தாவுக்கு வெளியே இருந்த புங்க மரத்தடியில் விட்டாள். வார்டுக்குள் இல்லை அல்லவா. பத்தடி தூரம். நான் பால் நேரத்துக்கு அந்தப் பத்தடி நடக்க வேண்டியதாயிற்று. மரத்தடியில் உட்கார்ந்தால் கரட்டிலிருந்து காற்று வரும். கௌதாரி கூவும். அணில் இறங்கி வந்து என்னைப் பார்க்கும். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ குட்டிக்குக் கொடுத்தது போக டம்ளரில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. யோசிக்காமல் குடித்துவிட்டேன்.

ஆபரேஷனுக்கு நான்கு நாள் இருக்கும்போது, அவள் குட்டியின் கட்டை அவிழ்த்துப் பார்க்க மரத்தடிக்கு வந்தாள். வேறு யாரும் அருகில் இல்லை. கேட்டுவிட்டேன்.

“அக்கா, எனக்குச் சாவு வருதுன்னுதான இத எங்கிட்ட கொண்டாந்து உட்டீங்க?”

அவள் கட்டை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள்.

“உன் டம்ளரு மூணு நாளு அப்டியே இருந்துது” என்றாள். “எந்த டம்ளரு மூணு நாளு அப்டியே இருக்குதோ அங்க கொண்டாருவேன். அவ்ளோதான்.”

“அவங்கல்லாம் செத்துட்டாங்களே.”

“சாவப் போறவங்களும் குடிக்க மாட்டாங்க. பயந்துகினு இருக்கறவங்களும் குடிக்க மாட்டாங்க. யாரு எதுன்னு எனக்கு இன்னா தெரியும்? டாக்டருக்கே தெரியல.” குட்டியின் காலை நீட்டி மடக்கிப் பார்த்தாள். “பொழச்சவங்க வீட்டுக்குப் பூட்றாங்க. வார்டுல உக்காந்துகினு நான் பொழச்சேன்னு யாரும் சொல்லிகினு இருக்கறதில்ல.”

“அந்த ஒண்ணாம் நம்பர் பொண்ணு?”

கந்தலைத் திரும்பச் சுற்றிக் கட்டினாள். “அது மடியிலேர்ந்து குட்டிய நான்தான் எடுத்தேன்” என்றாள். “புள்ள ஜில்லுனு ஆயிடுச்சி. குட்டி தூங்கிகினு இருந்துது.”

எனக்கு அது ஆறுதலாக இல்லை. சாக மாட்டாய் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து பொய் வராது என்பது மட்டும் தெரிந்தது.

ஆபரேஷன் அன்று என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து முகத்துக்கு முன்னால் துணி கட்டினார்கள். வலி இல்லை, ஆனால் சத்தம் இருந்தது. எலும்பு வெட்டுப்படுகிற சத்தம் நம் உடம்புக்குள்ளிருந்தே கேட்கும். செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அப்போது ஜன்னலுக்கு வெளியே, மிக அருகில், ஒரு மாடு புல் பிடுங்குகிற சத்தம் கேட்டது. சரக், சரக் என்று பிடுங்கும். மெல்லும். மூச்சு விடும். கழுத்து மணி அசையும். மறுபடி சரக். உள்ளே கேட்ட சத்தத்தை விட்டுவிட்டு வெளியே கேட்ட சத்தத்தைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த பிடி, அடுத்த பிடி என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். முடிந்துவிட்டது என்று யாரோ சொன்னபோதும் அந்த மாடு மேய்ந்துகொண்டுதான் இருந்தது.

தியேட்டர் ஜன்னலடியில் மாட்டைக் கட்டியதற்காக அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். “அங்கதான் நெழலு இருந்துது” என்றாளாம்.

இரண்டாவது தடவையும் எலும்பு எடுத்தார்கள். அன்றைக்கும் வெளியே மாடு இருந்தது. காய்ச்சல் அடித்தது, புண் ஆறியது. மூன்று மாதம் கழித்து நர்ஸம்மா அறையில் ஒரு கண்ணாடி முன்னால் நின்று ரவிக்கை மாட்டும்போது பார்த்தேன். என் இடது தோள் வலது தோளைவிடத் தாழ்ந்திருந்தது. அந்தத் தாழ்ந்த தோளை நான் ஒரு வருடமாகத் தினம் இரண்டு வேளை பால் கேனோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சரிடம் கொட்டாய் அக்காவைப் பற்றிக் கேட்டேன். அவருக்கும் முழுக்கத் தெரியாது. யுத்த காலத்தில் நோயாளியாக வந்தவள், குணமான பிறகு கூட்டிப்போக யாரும் வரவில்லை, கொட்டாயில் தங்கிவிட்டாள். அவ்வளவுதான் சொன்னார்.

எல்லை பிரிக்கிற பேச்சு அப்போது பலமாக நடந்துகொண்டிருந்தது. திருத்தணி எந்தப் பக்கம், சித்தூர் எந்தப் பக்கம், புத்தூர் எந்தப் பக்கம் என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அதையே பேசினார்கள். தமிழ் நோயாளிகளைக் கணக்கெடுத்து மதராஸ் பக்கம் அனுப்பப்போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பாதி ஆறின புண்ணோடு எந்த லாரியில் ஏற்றுவார்களோ என்று வராந்தா முழுக்க ஒரே கலக்கம். அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து ஒரு குமாஸ்தா பெரிய நோட்டோடு வந்தார். பெயர், சொந்த ஊர், தாலுக்கா என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார். என் முறை வந்தபோது எனக்கு மாமியார் ஊரைச் சொல்வதா, திருத்தணிப் பக்கத்து அம்மா வீட்டைச் சொல்வதா என்று தெரியவில்லை.

வேலையாட்களும் சொல்ல வேண்டும் என்றார். கொட்டாய் அக்கா கேனோடு நின்றிருந்தாள்.

“பேரு?” சொன்னாள். எழுதினார்.

“ஊரு?”

“இங்கதாங்க.”

“இது ஆஸ்பத்திரிம்மா. சொந்த ஊரு ஏதி? புருஷன் ஊரு?”

அவள் கையிலிருந்த கேன் தரையில் இடித்துக்கொண்டே இருந்தது. பால் தளும்பிக் காலில் வழிந்தது. மூக்கணாங்கயிறு அறுந்த காளையை ஒற்றை ஆளாக மடக்கிக் கட்டினவள் அவள். நான் பார்த்திருக்கிறேன். கேனை அங்கேயே வைத்துவிட்டுக் கொட்டாயைப் பார்த்து நடந்துவிட்டாள். ஏறக்குறைய ஓடினாள்.

எனக்கு நடக்க அனுமதி இருந்தது. பின்னாலேயே போனேன். உள்ளே அவள் வெள்ளைப் பசுவின் விலாவில் முகத்தை வைத்து நின்றிருந்தாள். இரண்டு கையாலும் அதன் முதுகைப் பிடித்திருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் வந்தது தெரிந்து, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

“வெள்ளச்சி பயந்துகினு இருக்குது. எங்கனா இட்டுகினு பூடுவாங்களோன்னு.”

வெள்ளைச்சி நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. பசுவின் அந்தப் பக்கம் போய் நின்று நானும் அதன்மேல் கையை வைத்தேன். அதன் உடம்பு அடுப்பு போல் சூடாக இருந்தது. மூச்சுக்கு மூச்சு எங்கள் இருவர் கையும் ஒன்றாக ஏறி இறங்கியது.

யாரையும் எங்கேயும் அனுப்பவில்லை. அந்த நோட்டைப் பெரிய டாக்டர் வாங்கிப் பார்த்து, அவள் பெயருக்கு எதிரே ஊர் என்ற இடத்தில் தன் கையாலேயே ஆஸ்பத்திரியின் பெயரை எழுதினார் என்று நர்ஸம்மா பிறகு சொன்னாள். ஆட்டுக்குட்டிக்காகச் சத்தம் போட்ட அதே டாக்டர்தான்.

அதற்குப் பிறகு ஆறு மாதத்தில் நான் வீட்டுக்கு வந்தேன். மகளுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. அவளுக்கு நான் யாரோ. தனித் தட்டு, தனி டம்ளர், தனி மூலை என்று மாமியார் வைத்திருந்தாள். சிறிது தும்மினாலும் வீட்டில் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நானும் துணியைப் பார்ப்பேன். மகள் என்னை அம்மா என்று கூப்பிட ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. நான் வற்புறுத்தவில்லை.

சில வருடம் கழித்து, திருத்தணி மதராஸ் பக்கம் போய், என் அம்மா வீடு ஒரு ராஜ்ஜியத்திலும் நான் ஒரு ராஜ்ஜியத்திலுமாக ஆன பிறகு, படம் எடுத்துப் பார்க்க மகளையும் கூட்டிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். கொட்டாய்க்குப் போனேன். அவள் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. டீச்சர் குணமாகி வேலைக்குத் திரும்பிவிட்டாராம். குட்டியைப் பற்றிக் கேட்டேன்.

“அதுவா. பெருசாயி, கிறிஸ்மஸுக்கு வெட்டிட்டாங்க” என்றாள்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். “நீங்க இல்லன்னா நான் இல்ல அக்கா.”

“அப்டி சொல்லாத. நீ பொழச்ச. அதான் என்ன நல்லவளாச் சொல்ற. செத்தவங்களக் கேட்டா வேற சொல்வாங்க. கடைசி நாள்ல அவங்களுக்கு எம்மாம் பயத்த குடுத்தேனோ.” தீவனத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “ராவுல அத நெனச்சா எனக்குத் தூக்கம் வரல.”

இதை அவள் வெள்ளைச்சிக்குத் தூக்கம் வரவில்லை என்று சொல்லவில்லை. எனக்கு என்று சொன்னாள்.

“செத்தவங்க சொல்றது எனக்குத் தெரியாதுக்கா” என்றேன். “எனக்கு எப்டி இருந்துதுன்னு வேணா சொல்றேன். பயமும் சேத்துதான்.”

கையைத் தவிட்டிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

“அப்ப சொல்லு” என்றாள். மகள் என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் முதலிலிருந்து சொன்னேன். மாலைப் பால் நேரத்து மணி அடித்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.